‘பிரதர், ஒரு நிமிடம்’: புற்றுநோய் வார்டில் ஒத்துணர்வு படிக்கும் ஆண் மாணவர்கள்

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர். புற்றுநோய் வார்டில் அவருக்கு அது முதல் வாரம். ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாவுக்கு இரண்டாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தது. தலையணை உறையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “தம்பி, இது மொத்தமும் போய்விடுமா?” என்று கேட்டார். மாணவர் படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தார்: “கவலைப்படாதீர்கள் அம்மா. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும்.” சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த அம்மா “சரிப்பா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலையில் மூத்த செவிலியர் ஒருவர் அதே கட்டிலருகே வந்தார். உறையை மாற்றிக்கொண்டே, “முடியைப் பார்த்ததும் மனசுக்கு என்னவோபோல் ஆகிவிட்டதா அக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான். மகளுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. முதல் ஆளாக நின்று வளையல் போட வேண்டிய தாய் மொட்டைத் தலையோடு எப்படி நிற்பது? சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் நோய் விவரமே சொல்லவில்லை. எல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மா மாணவரிடம் கேட்டது உண்மையில் முடியைப் பற்றியே இல்லை.

அந்த மாணவருக்கு அக்கறை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று இரவு விடுதியில் சோறு இறங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். உள்ளே இருந்த அக்கறை கட்டில்வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆண் மாணவர்களுக்கு ஒத்துணர்வைக் கற்றுத் தருவது என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி நாலடி தூரத்தைக் கடக்கக் கற்றுத் தருவதுதான்.

‘போல’ என்ற சொல்

எம்பதி என்பதைத் தமிழில் ஒத்துணர்வு என்கிறோம். பரிவு, இரக்கம், பச்சாதாபம் என்று பக்கத்திலேயே வேறு சொற்களும் நிற்பதால் குழப்பம் வருகிறது. எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லும் பழையதல்ல. ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ பார்க்கும்போது நாம் அதற்குள் புகுந்து உணர்வதைக் குறிக்க ஜெர்மானியர்கள் ‘ஐன்ஃபூலுங்’ என்ற சொல்லை வைத்திருந்தார்கள். 1909-இல் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கலையிலிருந்து கிளம்பிய சொல், பிறகுதான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

இன்று வகுப்பறையில் சொல்லித்தரும் பொருளுக்குக் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறோம். 1957-இல் அவர் சொன்னதன் சாரம் இது: மற்றவருடைய உலகத்தை உன்னுடையது போல உணர வேண்டும், ஆனால் அந்தப் ‘போல’ ஒருபோதும் கழன்றுவிடக் கூடாது.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘ஐயோ பாவம்’ என்பது இரக்கம். அது கரையில் நின்றுகொண்டு சொல்வது. வார்டில் உள்ளவர்களுக்கு அந்தத் தொனி உடனே பிடிபட்டுவிடும். பலருக்கு எரிச்சலும் வரும். இன்னொரு கோடியில், நோயாளியோடு சேர்ந்து தானும் உடைந்து அழுது, அடுத்த கட்டிலுக்குப் போக முடியாமல் மருந்து அறையில் போய் நிற்பது. அங்கே ‘போல’ கழன்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில், நீரில் இறங்கி, ஆனால் கால் தரையில் ஊன்றி நிற்பதுதான் நாம் பேசும் விஷயம்.

செயலாகப் பிரித்துப் பார்த்தால் புதியவர்களுக்கு இன்னும் எளிது. நோயாளியிடம் ஏதோ மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஊகித்ததை அவரிடமே சொல்லி, சரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மூத்த செவிலியர் செய்தது இதைத்தான். ஊகம் தப்பாக இருந்தாலும் பாதகமில்லை. “அதெல்லாம் இல்லை சிஸ்டர், எனக்குக் கவலை வேறு” என்று நோயாளியே வழி திறந்துவிடுவார்.

ஆண்களுக்கு வராதா?

இது பெண்களுக்கு இயல்பாக வரும், ஆண்களுக்கு வராது என்றொரு பேச்சு கல்லூரி வளாகங்களிலேயே உண்டு. ஆண் மாணவர்களே அதை நம்புவதுதான் வருத்தம். மருத்துவத் துறையினரின் ஒத்துணர்வை அளக்க ஜெஃபர்சன் அளவுகோல் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் பெரும்பாலும் பெண்கள்தான் சற்று அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் அது தன்னைப் பற்றித் தானே நிரப்பும் படிவம் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘நான் பிறர் உணர்வை நன்கு புரிந்துகொள்வேன்’ என்று எழுத ஒரு பையனுக்குக் கூச்சமாக இருக்கலாம்.

2001-இல் கிறிஸ்டி க்ளைன், சாரா ஹாட்ஜஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். காணொளியில் பேசும் ஒருவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைப் பார்ப்பவர்கள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பணம் தரப்படும் என்றதும் இரு பாலரும் முன்னேறினார்கள். ஆண் பெண் வித்தியாசம் மறைந்துபோனது. அதாவது திறமை இருந்திருக்கிறது, முயற்சிதான் வெளிவரவில்லை. காசுக்காக வந்த ஒத்துணர்வு என்று சிரிக்கலாம். ஆசிரியர்களுக்கு அது நல்ல செய்தி: இல்லாததை உருவாக்க வேண்டியதில்லை, இருப்பதை எழுப்பினால் போதும்.

வரலாறும் இந்தப் பேச்சை ஆதரிக்கவில்லை. செவிலியர்களின் காவலராகக் கத்தோலிக்கத் திருச்சபை போற்றும் புனிதர்களில் ஒருவர், 1550-இல் இத்தாலியில் பிறந்த கமில்லஸ். படைவீரராக இருந்தவர், சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்தவர். காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குப் போனவர், பிறகு நோயாளிகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறவற சபையை நிறுவினார். செவிலியம் பெண்களின் தொழில் என்ற எண்ணம் அழுத்தமாக வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

நம் ஊர் மாணவருக்கு உள்ள சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா” என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். வருத்தம் வந்தால் முகத்தை இறுக்கிக்கொள்ளப் பழகியவர். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆட்டோ பிடிப்பதும் மருந்து வாங்கிவருவதும் அவர் வேலை; பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது அம்மா, அக்காவின் வேலை. அதனால் வார்டிலும் எதையாவது ‘செய்து’ தீர்க்கப் பார்க்கிறார். ட்ரிப்ஸின் வேகத்தைச் சரிசெய்கிறார், பி.பி. பார்க்கிறார், அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். கையைக் கட்டிக்கொண்டு கேட்பதும் ஒரு வேலைதான் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போதாததற்கு, வார்டில் அவரை யாரென்றே தெரியாது. பெண் செவிலியரை ‘சிஸ்டர்’ என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இவரைப் பாதிப்பேர் ‘டாக்டர்’ என்கிறார்கள், மீதிப்பேர் சக்கர நாற்காலி தள்ளக் கூப்பிடுகிறார்கள். பல மருத்துவமனைகளில் ‘பிரதர்’ என்ற அழைப்பு இப்போது நிலைத்துவிட்டது. முதல் நாளே, “நான் நர்சிங் மாணவன், இன்று மதியம்வரை உங்களைக் கவனித்துக்கொள்வேன்” என்று பெயரோடு சொல்லிவிடும்படி ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

எப்படிக் கற்கிறார்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் மாற்றியமைத்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் எட்டுப் பருவங்கள் கொண்டது. தகவல் தொடர்புப் பாடம் உண்டு. பெரியவர்களுக்கான செவிலியப் பாடத்தோடு வலிதணிப்புப் பராமரிப்புப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. ஏட்டில் இருப்பது இவ்வளவு. மற்றது ஆசிரியர் கையில்.

முதல் பயிற்சி மிகச் சாதாரணமானது: உட்காருவது. கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 120 நோயாளிகளை வைத்து நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் உட்கார்ந்து பேசியபோது அவர் அதிக நேரம் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். உண்மையில் அவர் நின்று பேசிய நேரத்தைவிட அது கூடுதல் இல்லை. நம் வார்டில் இருக்கும் ஒரே ஸ்டூலில் கூட இருப்பவர் உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை. நல்ல மாணவர் அதற்கும் வழி கண்டுபிடிக்கிறார். “அண்ணே, நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால் ஸ்டூலும் கிடைக்கும், அந்த மனிதருக்குப் பத்து நிமிட ஓய்வும் கிடைக்கும்.

பிறகு நடித்துப் பார்ப்பது. ஒரு மாணவர் நோயாளி, இன்னொருவர் செவிலியர், மற்றவர்கள் பார்வையாளர்கள். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடியட்டும் என்று ஆசிரியர் காத்திருக்க வேண்டும். பிறகு சில வாக்கியங்களுக்குத் தடை போடப்படுகிறது. ‘எல்லாம் சரியாகிவிடும்.’ ‘தைரியமாக இருங்கள்.’ ‘உங்களைவிட மோசமானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.’ ‘எங்கள் பெரியப்பாவுக்கும் இதேதான்.’ இவற்றை எடுத்துவிட்டால் பல மாணவர்களுக்குப் பேச ஒன்றுமே இருக்காது. அந்த வெறுமைதான் பாடம் தொடங்கும் இடம். இந்த வாக்கியங்களெல்லாம் நோயாளியின் பயத்தை ஆற்றுவதில்லை. சொல்பவரின் பதற்றத்தை ஆற்றுகின்றன. தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த அம்மா எப்படிப் பயப்படுவார்? பயத்தைக் காட்டினால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே.

தடைசெய்த வாக்கியங்களுக்குப் பதிலாக மனப்பாடம் செய்யப் புது வாக்கியங்களைத் தருவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ‘உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது’ என்று தொலைபேசி வாடிக்கையாளர் சேவைபோல எல்லாக் கட்டிலிலும் சொல்லும் மாணவரைப் பார்த்திருக்கிறேன். இருபது வயதுப் பையனுக்கு, நாக்கின் பாதியை வெட்டி எடுத்தவரின் வேதனை எப்படிப் புரியும்? “எனக்கு இது முழுதாகப் புரியாது. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்” என்பது நேர்மையானது. அதைவிட எளிது மௌனம். நோயாளி பேசி நிறுத்தியதும் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணச் சொல்கிறோம். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பது வார்டில் நிற்கும்போதுதான் தெரியும். பெரும்பாலும் நான்காவது எண்ணில் நோயாளி மறுபடி பேசத் தொடங்குகிறார். அப்போது சொல்வதுதான் அவர் சொல்ல நினைத்தது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நாற்பது பேருக்கு இரண்டு செவிலியர் இருக்கும் வார்டில் அது நியாயமான கேள்வி. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒரு காணொளியை இரண்டு விதமாகத் தயாரித்தார்கள். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி மருத்துவர் விளக்கும் ஒரே காட்சி. ஒன்றில் மட்டும் பரிவான சில சொற்கள் கூடுதலாக, மொத்தம் 40 விநாடி. அதைப் பார்த்த பெண்களின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 40 விநாடி என்பது ஊசி போடும் இடத்தைப் பஞ்சால் துடைத்துக் காயவிடும் நேரம்.

புண்ணைத் திறக்கும்போது

சொற்களைவிட முகமும் கையும்தான் அதிகம் பேசுகின்றன. முற்றிய மார்பகப் புற்றுநோயில் சிலருக்குக் கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து புண்ணாகிவிடும். அதன் நாற்றம் மருத்துவமனைக்கே பழகியவரையும் ஒரு கணம் பின்வாங்க வைக்கும். டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கும்போது அந்தப் பெண் புண்ணைப் பார்ப்பதில்லை. பிரிப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார். மூக்கு சுருங்குகிறதா, கண் விலகுகிறதா என்று.

ஒத்துணர்வு இங்கே அறிவோடு சேர்ந்து வேலை செய்கிறது. நாற்றத்துக்குக் காரணம் புண்ணில் வளரும் சில வகைக் கிருமிகள், அவற்றை மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து கட்டுப்படுத்தும், மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் வழக்கமும் உண்டு என்று தெரிந்த மாணவருக்குப் பதற்றம் குறைகிறது. ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல் சலைன் விட்டு ஊறவைத்துப் பிரித்தால் வலி குறையும் என்று தெரிந்தால் கை நிதானமாகிறது. செய்யத் தெரியாதவரின் முகத்தில் எவ்வளவு அன்பிருந்தாலும் கலவரம்தான் தெரியும்.

ஆண் மாணவருக்கு இங்கே கூடுதலாக ஒரு பாடம் உண்டு. பெண் நோயாளியின் மார்பிலோ வயிற்றிலோ கை வைக்கும் முன் கேட்க வேண்டும். திரையை இழுக்க வேண்டும். ஒரு பெண் செவிலியரையோ கூட இருக்கும் பெண்ணையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவையான இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூட வேண்டும். “சிஸ்டரே செய்யட்டும்” என்று அவர் சொன்னால் முகம் கோணாமல் விலகிவிட வேண்டும். சில மாணவர்களுக்கு அது அவமானமாகப் படுகிறது. அந்தப் பெண்ணுக்கு நோய் எத்தனையோ விஷயங்களில் முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துவிட்டது. யார் தன் உடம்பைப் பார்க்கலாம் என்பதாவது அவர் கையில் இருக்கட்டும். தோள், முன்கை, உள்ளங்கை ஆகியவை பொதுவாகத் தொடத் தகுந்த இடங்கள். பாட்டி வயதுள்ளவர்கள் தாமாகவே கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள், அப்போது உருவிக்கொண்டு ஓடாமல் நிற்பதுதான் கற்க வேண்டியது.

மறுபக்கமும் இருக்கிறது. சிறுநீர் குழாய் போட்டிருக்கும் அறுபது வயதுக்காரர், சிகிச்சைக்குப் பிறகு மனைவியோடு உறவு என்னவாகும் என்று தன் மகள் வயதுள்ள சிஸ்டரிடம் கேட்கவே மாட்டார். இரவுப் பணியில் இருக்கும் ஆண் மாணவரிடம், எங்கோ பார்த்தபடி, “பிரதர், ஒரு நிமிடம்” என்பார். இந்த மாணவர்கள் வார்டுக்குத் தேவைப்படுவதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பேன்.

வலி என்பது எது?

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் செவிலியர், பிறகு மருத்துவச் சமூகப் பணியாளர், அதன் பிறகு மருத்துவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். ‘முழு வலி’ என்ற கருத்தைத் தந்தவர் அவர்தான். உடம்பு, மனம், குடும்பம் பணம் போன்ற சமூகக் கவலைகள், ‘எனக்கு ஏன் இது’ என்ற ஆன்மிகக் கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றார். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்கிறோம். ‘எட்டு’ என்று சொல்லும் ஒருவரிடம், கடும் வலிக்குத் தரும் மருந்தான மார்ஃபினின் அளவைச் சரிபார்த்த பிறகும் எட்டு குறையவில்லை என்றால், வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

அதற்காக மார்ஃபினை மறந்துவிட்டு மனத்தைத் தடவிக்கொடுப்பது ஒத்துணர்வாகாது. போதை மருந்துச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியது என்றாலும், ‘பழகிவிடும்’ என்ற பயம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. மாத்திரையை ஒளித்துவைக்கும் மகனிடம் பொறுமையாகப் பேசுவதும், மார்ஃபின் மலச்சிக்கலைத் தரும் என்பதால் அதை எடுப்பவரிடம் “மலம் சரியாகப் போகிறதா?” என்று தவறாமல் கேட்பதும் இந்தப் பாடத்துக்குள்தான் வருகின்றன. மலச்சிக்கலைக் கேட்க மறந்த கனிவு பாதிக் கனிவுதான்.

குடும்பம் என்றதும் நம் ஊரின் பெரிய சிக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. “அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லிவிடாதீர்கள், வெறும் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம்.” அப்பாவோ, புற்றுநோய் மருத்துவமனையின் பெயர்ப் பலகைக்குக் கீழே தினமும் நடந்துபோகிறவர். அவருக்குத் தெரியும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் நடிக்கிறார். நோய் விவரத்தைச் சொல்வது மாணவரின் வேலையல்ல. ஆனால் பொய்யும் சொல்லக் கூடாது. “எனக்கு என்ன வியாதி தம்பி?” என்று கேட்டால், “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா?” என்று திருப்பிக் கேட்டு, வருகிற பதிலை மூத்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும். மகனிடமும் கோபப்படக் கூடாது. மறைப்பதும் ஒரு வகைப் பாசம்தான், வழிதான் தப்பு.

இத்தனையையும் நாள் முழுக்கச் சுமந்தால் மாணவர் என்ன ஆவார்? பிறர் வலியை அப்படியே வாங்கிக்கொள்வது ஆளை ஒடுக்குகிறது என்றும், அவருக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற கனிவாக அதைத் திருப்பப் பழகினால் தாக்குப்பிடிக்க முடிகிறது என்றும் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வுகள் சொல்கின்றன. நடைமுறையில் எங்களிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். பணி முடிந்ததும் அரைப் பக்கம்: இன்று என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, அடுத்த முறை என்ன செய்வேன். பெண் மாணவிகள் விடுதியில் பேசித் தீர்த்துவிடுவதை ஆண்கள் பெரும்பாலும் இதில்தான் எழுதித் தீர்க்கிறார்கள். ‘22-ஆம் கட்டில் காலி’ என்ற மூன்று சொற்களோடு நின்றுபோன பக்கம் ஒன்றை நான் திருத்தாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வளைகாப்பு அம்மாவிடம் கோட்டைவிட்ட அதே மாணவரை நான்காம் ஆண்டில் மறுபடி வார்டில் பார்த்தேன். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர்; பேச்சு வராததால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மாணவர் அந்தச் சிலேட்டை வாங்கி, ‘வலி எப்படி இருக்கிறது?’ என்று அழகாக எழுதிக் காட்டினார். அவர் படித்தார். சிலேட்டைத் திரும்ப வாங்கி, ‘எனக்குக் காது கேட்கும்’ என்று எழுதினார். இருவரும் சிரித்துவிட்டார்கள், தையல் இழுத்ததில் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சிலேட்டை அழித்துவிட்டு வெகுநேரம் சும்மா வைத்திருந்தார். மாணவர் நகரவில்லை. கடைசியில், ‘பேத்தி என்னைப் பார்த்துப் பயப்படுவாளா’ என்று எழுதினார்.

மாணவர் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “பேத்திக்கு என்ன வயது ஐயா?” என்று கேட்டார். அவர் நான்கு விரலைக் காட்டினார்.